யானைக்கு உடைத்த தேங்காய்

போன கிழமை எங்கள் வீட்டு யானைக்கு ஒருவர் தேங்காய் உடைத்தார்.

பதற வேண்டாம். யானை கடதாசி யானை. தேங்காய் மட்டும்தான் அசல். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் மட்டும் தலையாட்டவில்லை. ஏனென்றால் தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிறையப் பால் காத்திருந்தது... கடதாசியில் பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். நான் காலையில் கந்தோர் வேலைக்கு ஓடி, பின்னேரம் குசினி அடுப்புக்கு ஓடுகிற ஆள். என் கணவர் சிவநேசன், யாருக்கும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர். மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குத் தெரிந்த முதல் சொல்லே 'இல்லை'தான்.

ஆரணியின் ரைம்ரேபிள் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், மறுபடி கணிதம், சனிக்கிழமை வயலின் என்று ஒரே ரியூசன். ஞாயிறு பின்னேரம் மட்டும் ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாளைக்குத்தான் சும்மா இருப்பாள்?

"பிள்ளை, உதுக்குள்ளை சித்திர வகுப்பு ஒண்டு போடுவமோ?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சோதினை இருக்கோ அம்மா?"

"இருக்கும். கிரேட் வன், கிரேட் டூ எண்டு வைப்பினம்."

"அப்ப வேண்டாம். எனக்குச் சோதினை இல்லாத ஒண்டு வேணும். ஒரு மணித்தியாலம் காணும். நீங்களும் அப்பாவும் கூட இருக்கவேணும்."

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பாட்டுக்குச் சோதினை உண்டு, நடனத்துக்கு உண்டு, தேவாரத்துக்கும் போட்டி உண்டு. நித்திரைக்கு மட்டும்தான் இன்னும் கிரேட் வைக்கவில்லை. வைத்தால் என் கணவர் டிப்ளோமா வரை போவார். பிள்ளை கேட்டது ஒரு மணித்தியாலம். அதையும் எங்களோடு சேர்ந்திருக்கக் கேட்டிருக்கிறாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிறு நாலு மணி என்று முடிவானது. போன்கள் மேசை லாச்சிக்குள். என்ன செய்வது? யானை. ஏன் யானை? "பெரிசெண்டபடியால்," என்றாள் ஆரணி. பழைய பேப்பரைக் கிழித்து, கோதுமை மாப் பசையில் தோய்த்து, பலூனின் மேல் படை படையாக ஒட்டிக் காயவிட்டால் தலை வரும். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துச் செய்து காட்டினாள். அவளுக்கென்ன, அவள் வீட்டுப் பேப்பரில் மரண அறிவித்தல் வருவதில்லை.

எங்கள் பேப்பரில் பாதிப் பக்கம் அதுதானே. படத்தோடு இருக்கிற ஒருவரைக் கிழிக்கக் கை வருமா? "நில்லுங்கோ, இது எங்கடை ஊர் விதானையாற்றை மச்சானெல்லோ," என்று என் கணவர் ஒவ்வொரு பக்கமாக வாசிக்கத் தொடங்கினார். பிறந்த இடம், வாழ்ந்த இடம், கனடாவில் பேரப்பிள்ளைகள் எல்லாம் வாசித்து, மரியாதையோடு மடித்து, ஒரு பக்கத்தில் அடுக்கினார். கடைசியில் எங்கள் யானை முழுக்க முழுக்க 'மணமகன் தேவை'யாலும் கிரிக்கெட்டாலும் ஆனது.

அதுகூடப் பரவாயில்லை. ஆட்கள் விட்டால்தானே?

முதல் ஞாயிறு பசை காய்ச்சி இறக்கினோம், வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். கொழும்புத்துறையில் இருக்கும் என் சித்தப்பா. அவர் சொல்லிவிட்டு வருகிற ஆளும் இல்லை, வெறுங்கையோடு வருகிற ஆளும் இல்லை. ஒரு பை நிறைய நண்டு. உயிரோடு நடக்கிற நண்டை நாளைக்கு வா என்று சொல்ல முடியுமா? பை அவிழ்ந்து ஒன்று கதிரைக்குக் கீழே போய்விட்டது. யானைக்கு வைத்த நேரம் நண்டு பிடிப்பதில் போயிற்று.

அடுத்த ஞாயிறு சொந்தக்காரர் கலியாணம் சொல்ல வந்தார்கள். இங்கே அழைப்பிதழைத் தபாலில் போட்டால் அது அழைப்பு அல்ல, அவமானம். நேரில் வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, மாப்பிள்ளையின் தாய் வழி தகப்பன் வழி எல்லாம் விளங்கப்படுத்திப் போகவேண்டும். "என்ன, கையெல்லாம் மா?" என்று கேட்டார்கள். "பிள்ளையோடை சேர்ந்து யானை செய்யிறம்," என்றேன். "ஓ, அப்ப சும்மாதான் இருக்கிறியள். நல்லதாய்ப் போச்சு," என்று இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தச் 'சும்மா' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆரணி பசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பசையில் ஆடை படர்ந்தது. பிறகு எழும்பிப் போய்க் கணிதக் கொப்பியை எடுத்தாள். சண்டை பிடிக்கிற பிள்ளை சண்டை பிடிக்காமல் போனால் தாய்க்கு எப்படி இருக்கும்?

வார நாட்களில் அங்கொன்று இங்கொன்றாக ஒட்டி, ஒருவழியாகத் தலை வந்தது. அட்டைப்பெட்டியில் வெட்டிய காது, பேப்பரைச் சுருட்டிச் செய்த தும்பிக்கை. மூன்றாவது ஞாயிறு என் கணவர் இரண்டாவது கொம்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. லாச்சிக்குள் போட மறந்திருக்கிறார். திடுக்கிட்டதில் கொம்பு கையோடு முறிந்து வந்துவிட்டது.

ரொறன்ரோ அண்ணை. என் கணவரின் தமையன். அங்கே விடியற்காலை, மனிதர் நித்திரையால் எழும்பிக் கோப்பியை ஊற்றிக்கொண்டு எங்களைத்தான் கூப்பிடுவார். தொடங்கினால் காணி, வழக்கு, பனி, முழங்கால் எல்லாம் கதைத்துத்தான் முடிப்பார்.

"என்னடாப்பா செய்யிறாய்?"

என் கணவர் தன் கோலத்தைப் பார்த்தார். மூக்கு நுனியில் பசை. ஒரு கையில் முறிந்த கொம்பு. மடியில் யானைத் தலை. ஐம்பதை நெருங்கும் மனிதர் தமையனுக்கு எதைச் சொல்வது?

"பூசையிலை நிக்கிறன் அண்ணை."

அந்தப் பக்கம் குரல் அப்படியே தணிந்தது. "ஐயையோ, வையடா வையடா. நான் பிறகு எடுக்கிறன்."

போன் வைத்தாயிற்று. ரொறன்ரோ அண்ணை தானாகப் போனை வைத்தது எனக்குக் கலியாணமான பிறகு இதுதான் முதல் தடவை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் கணவரின் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் வெளிச்சம்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்தார். என் கணவர் படலைக்கே போய், "பூசை நடக்குது," என்று மெல்லச் சொன்னார். சித்தப்பா உடனே ஹெல்மெற்றைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார். கைகூப்பினார். பிறகு மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணாமல் ஒழுங்கைப் பாதை முடியுமட்டும் உருட்டிக்கொண்டே போனார். இனிமேல் காலையில் வாறன் என்று சொல்லிவிட்டும் போனார்.

எவ்வளவு வசதியான சொல், பாருங்கள். கோயில், செத்தவீடு, கலியாணவீடு, ஆஸ்பத்திரி, ரியூசன்... இவற்றுக்குப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 'பிள்ளையோடு இருந்து கடதாசி ஒட்டுகிறேன்' என்றால்? கையில் ஒரு வேலையைத் தந்துவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் சொர்க்கம். நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு மணித்தியாலம் ஒருவரும் யாரிடமும் 'எத்தினை மார்க்ஸ்?' என்று கேட்கவில்லை. என் மகள் சிரிக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வரும் என்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தேன். என் கணவர் பசை பூசிக்கொண்டே மூன்று பாட்டைக் கலந்து ஒரு பாட்டாகப் பாடினார். யானை ஆறுதலாக வளர்ந்தது. ஆறுதலாக என்றால், தலையைத் தாண்டவில்லை. அவசரம் யாருக்கு?

ஆனால் எங்களுக்கு அடுத்த வீட்டில் கமலா அன்ரி இருக்கிறார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் எனக்கு, என் மகளுக்கு, பால்காரருக்கு, எல்லோருக்கும் அவர் அன்ரிதான். ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது சமைப்பவருக்கு முன் அவருக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு ஒரு பூசை. மணிச்சத்தம் இல்லை. ஐயரும் வருவதில்லை. என்ன பூசை? அன்ரி எவ்வளவு நாள்தான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்?

ஒரு ஞாயிறு தட்டோடு வந்துவிட்டார். செவ்வரத்தம்பூ, அறுகம்புல், சுடச்சுட மோதகம். முழுகி, ஈரத்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். என் கணவர் படலையைத் திறந்துவிட்டார். பூசைக்கு வருகிறவரைப் பூசை என்று சொல்லி எப்படி மறிப்பது?

விறாந்தையில் ஒரு ஸ்ரூல். பசை சிந்தாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டி. வேட்டியின்மேல் யானைத் தலை. பெரிய காது, வளைந்த தும்பிக்கை... ஒற்றைக் கொம்பு.

"அப்பனே, பிள்ளையாரே," என்றார் கமலா அன்ரி.

நான் வாயைத் திறப்பதற்குள் பூ தலைக்கு ஏறிவிட்டது. நெற்றியில் குட்டிக்கொண்டார். காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். அவருக்கு மூட்டுவருத்தம். ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது முழங்கால் முறுகியது. கடைசித் தடவை எழும்ப முடியாமல் என் கணவர் கைலாகு கொடுத்துத் தூக்கிவிட்டார். இவ்வளவும் செய்து முடித்த மனுசியிடம், "அன்ரி, அது யானை," என்று எந்த வாயால் சொல்வது? மோதகம் வேறு வாய்க்குள் இருந்தது. நல்ல மோதகம்.

அன்ரி போனபிறகு ஆரணி பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது என்ரை யானை. நான் இதுக்கு ஊதா பெயின்ற் அடிக்கப் போறன். பச்சைப் புள்ளியும் வைப்பன்."

"பிள்ளை, பூ வைச்சுக் கும்பிட்டாச்சு. இனி ஊதா அடிக்கிறது சரியில்லை," என்றார் என் கணவர்.

"அப்பா, உது நீங்கள் சொன்ன பொய்."

"ஓம். எண்டாலும்..."

அந்த 'எண்டாலும்'தான் என் கணவர். அந்தக் கிழமை முழுக்க விறாந்தையைக் கடக்கும்போது ஸ்ரூலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். ஒருநாள் காலையில் அவர் நெற்றியில் மெல்லக் குட்டிக்கொள்வதை நானே கண்டேன். தான் சொன்ன பொய்யில் தானே விழுந்த முதல் ஆள் அவர்தான். நான்? உண்மையைச் சொன்னால் அன்ரி எங்கள் வாசலை மிதிக்கமாட்டார் என்று பயந்து பேசாமல் இருந்தேன். மதில் ஒன்று, கிணறு பங்கு, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டிய முகம்.

இப்படித்தான் போன கிழமை ஞாயிறு வந்து சேர்ந்தது.

காலையில் சித்தப்பா வந்து போயிருந்தார். ஆகவே மத்தியானம் நண்டுக் கறி. வீடு முழுக்க அந்த வாசம். நாலு மணிக்குப் படலை திறந்தது. கமலா அன்ரி தனியாக வரவில்லை. பின்னால் ஒழுங்கைப் பெண்கள் சிலர், அவர்களுக்குப் பின்னால் தேவாரம் பாடும் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர். தேங்காய், வாழைப்பழம், கற்பூரம், ஒரு செம்பு பால்.

"என்ன வாசம் இது?" என்று ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"புதுச் சாம்பிராணி," என்றார் என் கணவர். பொய் அவருக்கு இப்போது தண்ணீர்பட்ட பாடு.

ஓவசியர் வாசற்படியில் தேங்காயை உடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். கமலா அன்ரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பால் செம்பைத் தூக்கினார். அபிஷேகம்.

இத்தனை ஞாயிறும் ஒட்டியது ஒரு செம்புப் பாலில் கூழாகப் போகிறது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் யானை போகும். என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அன்ரி, ஊத்தாதேங்கோ. கரைஞ்சு போகும்."

ஆரணி ஸ்ரூலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை கரையும்?"

"யானை."

ஓவசியர் பாட்டை இடையில் நிறுத்தினார்.

"இது பிள்ளையார் இல்லை அன்ரி. பேப்பரும் கோதுமை மாவும். நாங்கள் பூசை செய்யிறேல்லை. ஞாயிறு நாலு மணிக்கு மூண்டு பேரும் இருந்து யானை செய்யிறனாங்கள். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் இருக்கு. அதைச் சொன்னால் ஒருத்தரும் விடமாட்டினம் எண்டு அப்பா பூசை எண்டவர். நீங்கள் பாலை ஊத்தினால் எனக்கு யானையும் இல்லை, அந்த நேரமும் இல்லை."

குசினியில் இருந்து நண்டு வாசம் வந்துகொண்டிருந்தது. நான் என் மகளைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பெரிய ஆட்கள் இத்தனை கிழமையாகச் சொல்லப் பயந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கும் அது நேரமில்லை. கமலா அன்ரி செம்பைக் கீழே வைத்துவிட்டு யானைத் தலைக்குக் கிட்டப் போனார்.

காதைத் தொட்டார். தும்பிக்கையைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. குனிந்து பின்னால் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் பொள்ளல். அதற்குள் ஒரு பலூன் துண்டு.

"அப்ப நான் போட்ட தோப்புக்கரணம்?"

"அது பிள்ளையாருக்குத்தான் போயிருக்கும் அன்ரி," என்றார் என் கணவர். வாழ்க்கையில் அவர் சரியான நேரத்தில் சொன்ன ஒரே வசனம் இது.

அன்ரி அவரை முறைத்தார். பிறகு யானையை இன்னொரு தரம் பார்த்தார். "ஏன் பிள்ளை, இடப்பக்கக் காது பெரிசு?"

"அது அப்பா வெட்டினது."

"நினைச்சனான். உந்தக் கொம்பை இன்னும் ஒட்டேல்லையே? பசை எங்கை கிடக்கு?"

அவ்வளவுதான். ஓவசியர் பாதியில் விட்ட தேவாரத்தைப் பாடி முடித்துவிட்டுத்தான் போனார். பாதியில் விடக்கூடாதாம். ஒரு பெண் மட்டும் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை. பால் எல்லோருக்கும் தேத்தண்ணியானது, தேங்காய் இரவு சம்பலானது. கமலா அன்ரி வெளிக்கிடவே இல்லை. நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முறிந்த கொம்புக்குத் துண்டு துண்டாகப் பேப்பர் சுற்றினார். சுற்றும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. இத்தனை வருசப் பழக்கத்தில் அன்ரி வாய் பேசாமல் அரை மணித்தியாலம் இருந்து நான் கண்டதில்லை.

போகும்போது படலையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறும் இருக்கோ?"

"ஓம் அன்ரி."

"வீட்டிலை நான் என்னெண்டு சொல்லிப்போட்டு வாறது? இந்த வயசிலை கடதாசி ஒட்டப் போறன் எண்டு சொல்லேலுமே? உங்கடை அங்கிள் சிரிப்பார்."

பின்னால் நின்ற என் கணவர், "பூ..." என்று தொடங்கினார். ஆரணி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். அன்ரி முந்தானையால் பசையைத் துடைத்துக்கொண்டு போனார். வருவாரா, மாட்டாரா? கிழமை முழுக்க எனக்கு அதே யோசனைதான். ஊதா பெயின்ற் வாங்கப் போனபோது ஒரு பிரஷ் கூடுதலாகவே வாங்கினேன்.

நேற்று ஞாயிறு. நாலு மணி ஆகிறது. பசைச் சட்டியை இறக்கிவிட்டு நிற்கிறேன். மதிலுக்கு அப்பால் கமலா அன்ரியின் குரல், ஒழுங்கைக்கே கேட்கும்படியாக.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி பிளாஸ்கிலை கிடக்கு. நான் யானை செய்யப் போறன்."

ரீ.வி. சத்தம் குறைந்தது.

"என்ன செய்யப் போறீர்?" அங்கிளின் குரல்.

"யானை."

"எப்ப வருவீர்?"

"சொல்லேலாது. பின்பக்கம் முழுக்கச் செய்யக் கிடக்கு."